நாளமில்லாச் சுரப்பி நோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்யாமல் படிக்க முடியுமா?

செவிலியர் படிப்பின் முதலாண்டில் இருக்கிறீர்கள். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் வருகின்றன, எல்லாமே காதில் ஒன்றுபோல விழுகின்றன. தேர்வில் ‘டயாபடீஸ் இன்சிபிடஸ்’ பற்றிக் கேட்டதற்கு இரத்தச் சர்க்கரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பூஜ்யம் வாங்கிவிட்டீர்கள். இவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளக் குறுக்குவழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். குறுக்குவழி கேட்பதுபோல இருந்தாலும் உங்கள் சந்தேகம் வேறு என்று எனக்குப் படுகிறது. சொல்லைப் பிரித்தால் பொருள் தானாக வரும் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நீங்களும் பிரித்திருப்பீர்கள். ‘டயாபடீஸ்’ என்ற பாதி ஏற்கெனவே தெரிந்ததாக இருந்ததால், தெரிந்த நோயை எழுதிவிட்டீர்கள். முறை சரியாகத்தானே இருந்தது, பிறகு எங்கே கைவிட்டது? ஒரு நோயின் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவன். நாளமில்லாச் சுரப்பி நோய்களைப் பார்ப்பதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இடையிடையே செவிலியர் மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். கிரேக்கமும் லத்தீனும் எனக்கு அகராதி வழியாக வந்தவைதாம், அவற்றில் நான் புலவன் அல்லன். ஆனால் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால் நோயாளியின் படுக்கையருகே என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முதலில் உறுதியான பகுதி. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று துண்டுகள்: தலை, உடல், வால். படிக்க வேண்டியது வாலிலிருந்து. தமிழில் வினை கடைசியில் வருகிறது. வாக்கியம் முடியும்வரை காத்திருந்து பொருள் கொள்வது நமக்குத் தாய்மொழியோடு வந்த பழக்கம். இங்கேயும் அப்படியே செய்யுங்கள். ‘ஹைப்போகால்சீமியா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வால் ‘ஈமியா’, அதாவது இரத்தத்தில். உடல் ‘கால்சி’, அதாவது கால்சியம். தலை ‘ஹைப்போ’, அதாவது குறைவு. ‘இரத்தத்தில் கால்சியம் குறைவு’ என்று ஒரு தமிழ் வாக்கியமே கிடைத்துவிட்டது. வால் ‘யூரியா’ என்றிருந்தால் சிறுநீரில் என்று பொருள். ஆய்வக அறிக்கையில் தனியாக வரும் யூரியா என்ற பொருளுக்கும் இந்த வாலுக்கும் குழப்பம் வேண்டாம். ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி. ‘மெகலி’ என்றால் பெருத்தல். ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுத்தல். ‘பதி’ என்று முடிந்தால் ஏதோ கோளாறு இருக்கிறது, என்னவென்று பெயர் சொல்லவில்லை என்று அர்த்தம். இப்படி வால்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போகா. ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். நூறு பெயர்களை உருப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

உடல் பகுதியில் ஒரு பொறி இருக்கிறது. பொட்டாசியத்துக்கு லத்தீனில் கேலியம் என்று பெயர், சோடியத்துக்கு நேட்ரியம். அதனால்தான் வேதியியலில் அவற்றின் குறியீடுகள் பெயரோடு பொருந்தாமல் நிற்கின்றன. ஆக ‘ஹைப்பர்கேலீமியா’ என்றால் பொட்டாசியம் மிகை, ‘ஹைப்பர்கால்சீமியா’ என்றால் கால்சியம் மிகை. எழுத்தில் பார்த்தால் வேறு வேறு, தொலைபேசியில் கேட்டால் இரட்டைப் பிள்ளைகள். ஓர் இரவுப் பணியில், ஆய்வகத்திலிருந்து அழைத்தவர் முதல் சொல்லைச் சொல்ல, எடுத்தவர் இரண்டாவதைக் குறித்துவிட்டார். எண்ணையும் எழுதியிருந்ததால் தப்பித்தோம். எண் 6.8. கால்சியம் வழக்கமாக டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கும், அதில் 6.8 என்றால் குறைவு, மிகையாக இருக்கவே முடியாது. பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது, 6.8 என்றால் இதயத் துடிப்பு எந்த நேரத்திலும் தடுமாறலாம். அன்றிலிருந்து தொலைபேசியில் இந்த அழகான கிரேக்கச் சொற்களை நான் பயன்படுத்துவதில்லை. ‘பொட்டாசியம் அதிகம், 6.8’ என்று சொல்லி, மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வைப்பேன்.

தலைப்பகுதிக்கும் இதே கதைதான். ஹைப்போ, ஹைப்பர் என்ற இரண்டும் எதிரெதிர்ப் பொருள் கொண்டவை, ஒலியில் ஒரே வீட்டுக்காரர்கள். தமிழில் குறை, மிகை என்று சொன்னால் தூக்கக் கலக்கத்தில்கூட ஒன்றை மற்றொன்றாகக் கேட்க மாட்டோம். தைராய்டு குறைசுரப்பு, தைராய்டு மிகைசுரப்பு என்ற தமிழ்ப் பெயர்கள் மூலத்தைவிடப் பாதுகாப்பானவை என்பது என் கருத்து. மனத்துக்குள் எப்போதும் தமிழாக்கிக்கொண்டு பிறகு எழுதுங்கள். இன்னொன்று: ‘ஹைப்போ’ எல்லா இடத்திலும் குறைவைக் குறிக்காது. கிரேக்கத்தில் அதற்குக் ‘கீழே’ என்பதே அடிப்படைப் பொருள். ஹைப்போதலாமஸ் என்றால் மூளையின் ஒரு பகுதியான தலாமஸுக்குக் கீழே இருப்பது. தலாமஸ் குறைந்துபோன நோய் என்று ஒரு மாணவர் எழுதியதை நான் திருத்தியிருக்கிறேன். சிரிக்கவில்லை, ஏனெனில் அவர் விதியைச் சரியாகவே பின்பற்றியிருந்தார். பொதுவாக உறுப்பின் பெயரில் வந்தால் இடம், நோயின் பெயரில் வந்தால் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பெயர் சொல்வதும் உடலில் நடப்பதும் தலைகீழாகத் தெரியும் இடம். என்னிடம் நோயாளிகள் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான்: ‘டி.எஸ்.எச். அதிகம் என்று வந்திருக்கிறது, பிறகு ஏன் தைராய்டு குறைவு என்கிறீர்கள்?’ டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். தைராய்டு அதைச் சுரப்பதில்லை, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரக்கிறது. வேலை செய்பவர் சுணங்கினால் மேஸ்திரியின் குரல் உயரும், வேலை மும்முரமாக நடந்தால் மேஸ்திரி வாய் திறக்க மாட்டார். டி.எஸ்.எச். மேஸ்திரியின் குரல். அது உயர்ந்திருந்தால் தைராய்டு சுணங்குகிறது, அடங்கிப்போயிருந்தால் தைராய்டு தேவைக்கு மேல் ஓடுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ‘பெரும்பாலும்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், மேஸ்திரிக்கே தொண்டை கட்டிவிடும் சந்தர்ப்பம் உண்டு. பிட்யூட்டரி பழுதானால் தைராய்டும் சுணங்கும், டி.எஸ்.எச்.சும் உயராது. அப்போது டி.எஸ்.எச். எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். அதனால்தான் கூடவே டி4, அதாவது தைராய்டு சுரக்கும் தைராக்ஸின், எவ்வளவு என்றும் பார்க்கிறோம். டி4, டி3 என்ற எண்கள் அந்த மூலக்கூற்றில் எத்தனை அயோடின் அணுக்கள் இருக்கின்றன என்பதைச் சொல்கின்றன, அதற்கு மேல் மர்மம் ஒன்றும் இல்லை. ‘ஃப்ரீ டி4’ என்பதில் உள்ள ஃப்ரீ, இரத்தப் புரதங்களோடு ஒட்டாமல் தனித்துத் திரியும் பகுதியைக் குறிக்கிறது. மொத்தத் தைராக்ஸினில் அது ஏறத்தாழ 0.03 சதவீதம்தான், ஆனால் திசுக்களுக்குள் போய் வேலை செய்வது அதுவே. இலவசப் பரிசோதனைக்கு ஏன் பணம் கேட்கிறீர்கள் என்று ஒருவர் சண்டை பிடித்ததும் உண்டு.

மேஸ்திரி உவமையை விடாமல் இருங்கள், அடுத்த குழப்பத்தையும் அது தீர்க்கும். ‘பிரைமரி’, ‘செகண்டரி’, ‘டெர்ஷியரி’ என்ற அடைமொழிகளைப் பலர் நோயின் கடுமை என்று நினைக்கிறார்கள். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று தமிழில் மொழிபெயர்க்கும்போது புற்றுநோயின் நிலைகள் நினைவுக்கு வந்து அந்தத் தவறு இன்னும் உறுதிப்படுகிறது. உண்மையில் அவை கடுமையைச் சொல்வதில்லை, பழுது எங்கே என்று சொல்கின்றன. சுரப்பியிலேயே பழுது என்றால் பிரைமரி. அதை ஏவும் பிட்யூட்டரியில் பழுது என்றால் செகண்டரி. பிட்யூட்டரியையும் ஏவும் ஹைப்போதலாமஸில் பழுது என்றால் டெர்ஷியரி. இந்த வேறுபாடு ஏட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பியே அழிந்துபோகும் நோயை 1855இல் தாமஸ் அடிசன் விவரித்தார். அதில் தோல் கருக்கும், ஏனெனில் பிட்யூட்டரி ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது, அந்தக் கத்தலின் கூறு ஒன்று தோலின் நிறமிச் செல்களையும் தூண்டுகிறது. பிட்யூட்டரி பழுதால் வரும் அட்ரினல் குறைவில் தோல் கருப்பதில்லை. நோயாளியின் உள்ளங்கை ரேகைகளைப் பார்த்தே எந்த வகை என்று ஊகிக்க முடிகிற அரிய இடங்களில் இது ஒன்று.

ஆனால் இந்த விதியையும் பாராதைராய்டு என்ற சுரப்பியிடம் கொண்டுபோகாதீர்கள். அங்கே பிட்யூட்டரிக்கு வேலையே இல்லை, இரத்தத்தின் கால்சியம் அளவே நேரடியாக அதை ஏவுகிறது. செகண்டரி ஹைப்பர்பாராதைராய்டிசம் என்றால், சிறுநீரகக் கோளாறு போன்ற காரணத்தால் கால்சியம் குறைந்து, அதை ஈடுகட்டப் பாராதைராய்டு மிகையாக உழைக்கிறது என்று பொருள். பல ஆண்டுகள் அப்படி உழைத்துப் பழகி, காரணம் நீங்கிய பிறகும் நிறுத்தத் தெரியாமல் சுரந்துகொண்டே இருந்தால் அது டெர்ஷியரி. அதே அடைமொழி, வேறு கணக்கு. இதற்கு நியாயம் கேட்டு என்னிடம் வராதீர்கள், நான் பெயர் வைக்கவில்லை.

பாராதைராய்டு என்று வந்துவிட்டதால், உறுப்புகளின் பெயர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘பாரா’ என்றால் பக்கத்தில். பெரும்பாலானவர்களுக்கு நான்கு பாராதைராய்டுகள், தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஒட்டிக்கொண்டிருப்பதைத் தவிர இரண்டுக்கும் தொழில் உறவு எதுவும் இல்லை. தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளி உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு என்று சொன்னால், பக்கத்து வீட்டுக்காரருக்கு அடி விழுந்திருக்கிறது, கால்சியத்தைப் பார் என்று பொருள். ‘தைராய்டு’ என்ற பெயரோ கேடயம் போன்றது என்ற பொருள் தருவது. 1656இல் தாமஸ் வார்ட்டன் சுரப்பிக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். சுரப்பியைப் பார்த்தால் வண்ணத்துப்பூச்சிபோல இருக்கிறது, கேடயத்தைக் காணோம். கேடயம்போல இருப்பது அதன் மேலே உள்ள குரல்வளைக் குருத்தெலும்பு, அதன் அண்மையால் சுரப்பிக்கும் பெயர் ஒட்டியது என்று பலர் விளக்குவார்கள். அதை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆய்டு’ என்ற வால் ‘போன்ற’ என்று பொருள்படும் என்பது மட்டும் உறுதி. ஸ்டீராய்டிலும் அதே வால்தான், ஸ்டீரால் போன்றது என்று அர்த்தம். வாலில் உறவு கொண்டாடுவதால் தைராக்ஸின் மாத்திரையை ஸ்டீராய்டு என்று பயந்து நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேதியியலில் வேறு வேறு குடும்பங்கள்.

பிட்யூட்டரியின் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. ‘பிட்யூட்டா’ என்றால் லத்தீனில் சளி. மூளையில் உண்டாகும் கபம் இந்தச் சுரப்பி வழியாக மூக்குக்கு வடிகிறது என்று பண்டைய மருத்துவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. நாமும் அதை அப்படியே மொழிபெயர்த்துக் கபச் சுரப்பி என்று நூல்களில் எழுதிவைத்தோம். பிழையை இவ்வளவு விசுவாசமாக மொழிபெயர்த்தவர்கள் வேறு யாரும் உண்டா தெரியவில்லை. அடிமூளைச் சுரப்பி என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள், இருக்கும் இடத்தைச் சொல்வதால் எனக்கு அதுவே உவப்பு. இதற்கு நேர்மாறாக அட்ரினலுக்குத் தமிழ் நன்றாக அமைந்துவிட்டது. ‘அட்’ என்றால் அருகில், ‘ரென்’ என்றால் சிறுநீரகம். தமிழில் அண்ணீரகம்: அண்மையில் உள்ள ‘அண்’, சிறுநீரகத்தில் உள்ள ‘நீரகம்’. கட்டுமானம்கூட ஒன்றே. அதன் கார்டெக்ஸ் என்பதற்கு மரப்பட்டை என்று பொருள், மெடுல்லா என்பதற்கு உள்ளே இருக்கும் சோறு என்று பொருள். தமிழில் புறணி, அகணி. பனைமட்டையிலிருந்து நார் உரித்தவர்கள் வைத்திருந்த சொற்கள் சுரப்பிக்குக் கச்சிதமாகப் பொருந்தின. ‘கார்ட்டி’ என்று எங்கே பார்த்தாலும் அது புறணியிலிருந்து வந்த சரக்கு என்று அறிந்துகொள்ளலாம்: கார்ட்டிசால், கார்ட்டிகோஸ்டீராய்டு. அகணியின் சரக்கு அட்ரினலின். அதையே எபிநெஃப்ரின் என்றும் எழுதுகிறார்கள். முன்னது லத்தீன், பின்னது கிரேக்கம், இரண்டும் சிறுநீரகத்தை ஒட்டியது என்றே சொல்கின்றன. இரண்டு மருந்துகள் என்று நினைத்து இரண்டையும் தேடி அலைய வேண்டாம்.

இப்போது உங்கள் பூஜ்யத்துக்கு வருகிறேன். டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடே கடந்துபோதல் என்று பொருள். குடிக்கும் நீர் உடலில் நிற்காமல் குழாய்வழி ஓடுவதுபோல வெளியேறிவிடுகிறது என்பதுதான் அன்றைய மருத்துவர்கள் கண்டது. கப்படோக்கியா நாட்டுப் பண்டைய கிரேக்க மருத்துவர் அரேட்டியஸ் அதை விவரித்திருக்கிறார். அந்தச் சொல்லில் சர்க்கரையைப் பற்றி ஒரு மூச்சும் இல்லை. தமிழ்ச் சொல்லும் அப்படியே. நீரிழிவில் உள்ள ‘இழிவு’ கேவலத்தைக் குறிக்கவில்லை, இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். நீர் வடிந்துகொண்டே இருக்கும் நோய். இனிப்பு பிறகு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் சிறுநீர் தேன்போல இனிக்கிறது என்று எழுதினார். எப்படி அறிந்தார் என்று கேட்காதீர்கள், அக்காலத்தில் சுவைத்துப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். வடமொழி மருத்துவ நூல்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தேன் என்ற பொருள்பட மதுமேகம் என்று பெயரிட்டிருந்தன. 1776இல் மேத்யூ டாப்சன் அந்த இனிப்பு சர்க்கரைதான் என்று காட்டினார். நீர் வடியும் நோயாளிகளில் சிலரின் சிறுநீர் இனித்தது, வேறு சிலருடையது இனிக்கவில்லை. இனிப்பதற்கு ‘மெலிட்டஸ்’, தேன் கலந்தது. இனிக்காததற்கு ‘இன்சிபிடஸ்’, சப்பென்று இருப்பது. ஆக நாவின் ருசிதான் இரு நோய்களையும் பிரித்தது. காரணங்கள் பின்னால்தான் தெரிந்தன. மெலிட்டஸில் இன்சுலினின் குறையோ, அது எடுபடாமையோ காரணம். இன்சிபிடஸில் வாசோபிரஸ்ஸின் என்ற வேறொரு ஹார்மோன் போதாமலோ, சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காமலோ இருக்கிறது. நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்கு மேல், சிலருக்கு அதைவிடப் பல மடங்கு, தண்ணீர்போன்ற சிறுநீர் போகும். இரத்தச் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்களைப் போலத் தவறியவர்கள் மாணவர்கள் மட்டும் அல்லர் என்பது ஓரளவு ஆறுதல் தரலாம். டயாபடீஸ் என்ற பாதியைப் பார்த்துவிட்டுச் சர்க்கரையைச் சோதித்து, அது சரியாக இருப்பதால் எல்லாம் சரி என்று இருந்துவிட்ட சம்பவங்கள் மருத்துவமனைகளில் நடந்திருக்கின்றன. அந்த நோயாளிகளுக்குத் தினமும் தேவைப்படும், வாசோபிரஸ்ஸினுக்கு ஈடாகத் தரும் டெஸ்மோபிரஸ்ஸின் மருந்து கிடைக்காமல் உயிரிழப்புவரை போயிருக்கிறது. அதனால் 2022இல் பன்னாட்டு நாளமில்லாச் சுரப்பியியல் அமைப்புகளின் கூட்டுக் குழு ஒன்று பெயரையே மாற்றப் பரிந்துரைத்தது. சுரப்பு போதாத வகைக்கு ஆர்ஜினின் வாசோபிரஸ்ஸின் குறைபாடு என்றும், சிறுநீரகம் செவிசாய்க்காத வகைக்கு ஆர்ஜினின் வாசோபிரஸ்ஸின் எதிர்ப்பு என்றும் புதுப் பெயர்கள். ஆர்ஜினின் வாசோபிரஸ்ஸின் என்பது மேலே சொன்ன அதே வாசோபிரஸ்ஸின்தான். உங்கள் பாடநூலில் பழைய பெயரே இருக்கலாம், பணியிடத்தில் இரண்டும் காதில் விழும், எனவே இரண்டையும் அறிந்திருங்கள். பெயர்கள் கல்வெட்டு அல்ல, ஆபத்து என்று தெரிந்தால் மாற்றுகிறார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி. குழந்தைகள் நீரிழிவு, பெரியவர்கள் நீரிழிவு என்று முன்பு அழைத்தவையும் முதல் வகை, இரண்டாம் வகை என்று மாறியது இப்படித்தான். முதல் வகை ஐம்பது வயதிலும் வருகிறது, இரண்டாம் வகை பதின்பருவத்திலும் வருகிறது, வயதைப் பெயரில் வைத்திருந்தால் தவறான சிகிச்சைக்கு இழுத்துச்செல்லும்.

ஹார்மோன்களின் பெயர்களிலும் இதே கோளாறு உண்டு. முதலில் எந்த விளைவு கண்ணில் பட்டதோ அதை வைத்தே பெயர் சூட்டுவார்கள். வாசோபிரஸ்ஸின் என்றால் இரத்தக்குழாயை இறுக்குவது. அதையே சிறுநீரகத்தில் பார்த்தவர்கள் சிறுநீர் பெருக்கைத் தடுக்கும் ஹார்மோன் என்றார்கள். ஒரே பொருள், இரண்டு பெயர்கள். புரோலாக்டின் என்றால் பாலுக்கு உதவுவது என்று பொருள், ஆனால் ஆண்களின் இரத்தத்திலும் அது இருக்கிறது. ஓர் ஆணின் அறிக்கையில் புரோலாக்டின் என்று கண்டு ஆய்வகம் ஆளை மாற்றிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இன்சுலின் இதில் ஒரு விசித்திரம்: பொருள் கையில் கிடைக்கும் முன்பே பெயர் தயாராக இருந்தது. கணையத்தில் தீவுகள்போலச் செல்கூட்டங்கள் இருப்பதை 1869இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் கண்டார். அங்கிருந்து ஏதோ சுரக்க வேண்டும் என்று ஊகித்து, தீவுக்கு லத்தீனில் உள்ள இன்சுலா என்ற சொல்லிலிருந்து 1909இல் ழான் டி மேயர் பெயரை உருவாக்கினார். பேன்ட்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்தது 1921இல்தான்.

ஆட்களின் பெயரால் வழங்கும் நோய்களுக்குப் பிரிக்கும் முறை உதவாது, அவற்றை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். தைராய்டு மிகைசுரப்பை உண்டாக்கும் கிரேவ்ஸ் நோய் என்பதும் பேசடோ நோய் என்பதும் ஒன்றே. அயர்லாந்தின் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இலும் ஜெர்மனியின் பேசடோ 1840இலும் விவரித்ததால் மொழிக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. குஷிங் என்ற பெயரில் ஒரு நுணுக்கம் தேர்வுக்கு வரக்கூடியது. கார்ட்டிசால் மிகையால் வரும் முகவீக்கம், வயிற்றில் ஊதாக் கோடுகள் போன்ற தொகுதி முழுவதும் குஷிங் சின்ட்ரோம், காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிட்யூட்டரிக் கட்டியால் அது வந்தால் மட்டுமே குஷிங் நோய். நடைமுறையில் மிகப் பெரும்பாலோருக்கு அது மருந்தாக எடுத்த ஸ்டீராய்டால் வருகிறது.

பெயர் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாக்கிக் காட்டும் இடங்களிலும் கவனம் வேண்டும். முன்கழுத்துக் கழலை என்றால் தைராய்டு பெருத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அது குறைவாகச் சுரக்கிறதா, மிகையாகவா, சரியாகவா என்று பெயர் எதுவும் சொல்லவில்லை. மூன்றும் நடக்கும். தைரோடாக்சிகோசிஸ் என்றால் இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிகை. ஹைப்பர்தைராய்டிசம் என்றால் சுரப்பி மிகையாகத் தயாரிக்கிறது. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் இருக்கலாம். அழற்சியில் சுரப்பி உடைந்து, சேமிப்பில் இருந்த ஹார்மோன் கசிந்தால் அப்படி ஆகும். தயாரிப்பைத் தடுக்கும் மாத்திரை அங்கே பயன்படாது, ஏனெனில் தயாரிப்பு மிகையாக நடக்கவே இல்லை. ‘ஓமா’ என்ற வால் கட்டியைக் குறிக்கும், புற்றுநோய் என்று அதுமட்டும் சொல்லாது. அடினோமா சாதுவான கட்டி, கார்சினோமா புற்றுநோய். அறிக்கையில் ‘ஓமா’ என்று கண்டு அழுதபடி வந்தவர்களுக்கு இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்வதிலேயே என் பல காலைகள் போயிருக்கின்றன. சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறித் தொகுதி என்று நாம் மொழிபெயர்ப்பதும் அப்படியே. ஸ்கேனில் தெரிபவை முதிராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள், கட்டிகள் அல்ல. அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று 2012இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவே சொன்னது. மொழிபெயர்ப்பில் ‘கட்டி’ என்று வந்துவிட்டதால் அறுவைச் சிகிச்சை எப்போது என்று கேட்கும் பெண்களுக்குக் கணக்கே இல்லை.

தமிழ்ச் சொற்களை எவ்வளவு பயன்படுத்தலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். விடைத்தாளில் உங்கள் பாடநூலின் சொற்களை எழுதுங்கள். நோயாளியிடம் பேசும்போது அவர் சொல்லும் சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள். ‘எனக்குத் தைராய்டு இருக்கிறது’ என்று அவர் சொன்னால், எல்லோருக்கும் இருக்கிறது அம்மா என்று கிண்டல் செய்யாமல், குறைவா அதிகமா, எந்த மாத்திரை என்று கேளுங்கள். ஹார்மோனுக்கு இயக்குநீர் என்ற சொல் உண்டு. 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஹார்மோன் என்று பெயரிட்டபோது, இயங்கச் செய்வது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் எடுத்தார். ஆகவே இயக்குநீர் அசலுக்கு நிகரானது, வழக்கில் ஹார்மோன் வென்றுவிட்டது, அவ்வளவே. நாளமில்லாச் சுரப்பி என்ற பெயரில் எனக்கு ஒரு குறை உண்டு. இரத்தநாளம் என்றும் சொல்கிறோம், சுரப்பியின் குழாயையும் நாளம் என்கிறோம். எனவே இந்தச் சுரப்பிகளுக்கு இரத்தக்குழாயே இல்லை என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். நிலைமை நேர் எதிர். சுரந்ததைக் கொண்டுபோகத் தனிக் குழாய் இல்லாததால் எல்லாமே இரத்தத்தில் கலக்கிறது, எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே மிக அதிகமாக இரத்தம் பாயும் உறுப்புகளில் தைராய்டும் ஒன்று. அகச்சுரப்பி என்று சொன்னால் இந்தக் குழப்பம் இராது, ஆனால் பாடநூல் உங்கள் பக்கம் இல்லை.

கடைசியாக, விளையாட்டுக்கு ஒரு சொல் தருகிறேன்: சூடோசூடோஹைப்போபாராதைராய்டிசம். 1952இல் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவருடைய சகாக்களும் உண்மையாகவே இப்படிப் பெயர் வைத்தார்கள். வாலிலிருந்து வாருங்கள். பாராதைராய்டு குறைசுரப்பு என்றால் கால்சியம் குறையும். அதன் முன் ஒரு ‘சூடோ’, அதாவது போலி: ஹார்மோன் தாராளமாக இருக்கிறது, உடல் அதற்கு மசியவில்லை, கால்சியம் அப்போதும் குறைகிறது. இந்த நோயாளிகளில் பலருக்குக் குட்டையான உடல், வட்ட முகம், நான்காவது விரலின் அடி எலும்பு குறுகியிருத்தல் போன்ற அடையாளங்கள் இருக்கும். அதற்கும் முன் இன்னொரு ‘சூடோ’: அடையாளங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஆனால் கால்சியமும் சரியாக இருக்கிறது, ஹார்மோனும் சரியாக இருக்கிறது. போலியின் போலி. பெரும்பாலும் இரண்டும் ஒரே மரபணுவின் கோளாறு. தாய்வழி வந்தால் முன்னது, தந்தைவழி வந்தால் பின்னது. உங்கள் தேர்வில் இது வராது என்று நினைக்கிறேன். கையை மடக்கி நான்காவது முட்டி உள்ளே அமுங்கியிருக்கும் யாரையாவது வார்டில் பார்த்தால், கால்சியம் அறிக்கை எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.